மாடல் சரி, வரைபடம் சரி, ஆனால் ஷாஃப்ட் சுழலவில்லை

கணினியில் முப்பரிமாண மாடல் செய்யக் கற்றுக்கொடுப்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. அந்த மாடலிலிருந்து, கடைசல் பட்டறைக்காரர் மறுகேள்வி கேட்காமல் பொருளைச் செய்துதரும்படியான அளவு வரைபடத்தை எப்படி எடுப்பது என்று சொல்லித்தருபவர்கள்தான் குறைவு. பயிற்சிக் காணொளிகளில் பெரும்பாலும் அதற்குக் கடைசிச் சில நிமிடங்களே கிடைக்கும். ஒரு பொத்தானை அழுத்துவார்கள். மூன்று தோற்றங்கள் வந்து அமரும். இன்னொரு பொத்தானை அழுத்தினால் அளவுகளும் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். நன்றி சொல்லி முடித்துவிடுவார்கள். அதை நம்பித்தான் நானும் பட்டறைக்குப் போனேன். ஏறத்தாழ அரை ஆண்டும், ஒரு சிறிய இயந்திரத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் பாதியும் கரைந்த பிறகுதான் அந்தக் கடைசிச் சில நிமிடங்களுக்குள் எவ்வளவு விஷயம் அடங்கியிருக்கிறது என்று புரிந்தது. கேட்பதற்கு ஆள் இல்லாமல் ஒவ்வொன்றாக முட்டி மோதித் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம் என்பதற்காக நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

என் துறை மின்னியல். செப்புக் கம்பியை ஒரே சீராகச் சுற்றித் தரும் காயில் சுற்றும் இயந்திரம் ஒன்றைச் சொந்தமாக வடிவமைத்துக்கொண்டிருந்தேன். ஓர் அடித்தட்டு, அதன்மேல் எதிரெதிரே இரண்டு பேரிங் பிளாக்குகள் (பேரிங் உட்காரும் கட்டைகள்), அவற்றுக்கு நடுவே ஓடும் 25 மி.மீ. ஷாஃப்ட், அதாவது சுழல்தண்டு, இரு பக்கமும் தகடுகள். அவ்வளவுதான் இயந்திரம். முதல் மாதிரியை முழுக்க முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பிளாஸ்டிக்கில் எடுத்துப் பார்த்தேன்; ஓடியது. அச்சு இயந்திரத்துக்கு வரைபடம் தேவையில்லை. மாடலைக் கொடுத்தால் அது அப்படியே அடுக்கடுக்காகக் கட்டிவிடும். எந்தப் பரப்பு முக்கியம், எது முக்கியமில்லை என்று அது கேட்பதில்லை. உலோகத்தில் வேலை செய்பவர் கேட்பார். எந்தப் பக்கத்தை முதலில் பிடிப்பது, எதைத் தொட்டு அளவை ஆரம்பிப்பது, எங்கே கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்று ஒவ்வொரு அடியிலும் அவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்விகளுக்கெல்லாம் தாளில் பதில் இல்லை என்றால் அவரே ஒரு பதிலை வைத்துக்கொள்வார். என் பணம் போனதெல்லாம் அந்தப் பதில்களில்தான்.

முதல் அடி விலைப்பட்டியல் வடிவில் வந்தது. மென்பொருளோடு வந்த வார்ப்புருத் தாளை எடுத்து, தானியங்கி அளவுகளைப் போட்டு, பி.டி.எஃப். ஆக்கி அனுப்பியிருந்தேன். ஓரிடத்தில் நான் நினைத்ததைப் போலப் பல மடங்கு விலை சொன்னார்கள். இன்னோரிடத்தில் பெரியவர் ஒருவர் தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, 80.000 என்று போட்டிருக்கிறீர்கள். மூன்று பூஜ்யமும் வேண்டும் என்றால் இது கிரைண்டிங் வேலை. அந்த மெஷின் என்னிடம் இல்லை" என்றார். மூன்று பூஜ்யங்களும் நான் கேட்டவை அல்ல. வார்ப்புருவின் இயல்பு அமைப்பில் மூன்று தசம இடம் என்று இருந்தது, அவ்வளவே. ஆனால் அங்குல அளவில் வரையும் பல நிறுவனங்களின் தாள்களில், தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் இருக்கிறதோ அதை வைத்தே டாலரன்ஸ், அதாவது அளவு கூடவோ குறையவோ விடும் அனுமதி, எவ்வளவு என்று தாளின் மூலையிலுள்ள தலைப்புக் கட்டத்தில் குறித்திருப்பார்கள். அப்படிப் பழகியவர் கண்ணுக்கு மூன்று பூஜ்யம் என்பது ஓர் ஆணை. மில்லிமீட்டர் வரைபடங்களில் தேவையற்ற பூஜ்யம் போடுவதில்லை. 80 என்றால் 80தான். ஆகவே எந்த மென்பொருளானாலும் சரி, அளவு போடுவதற்கு முன்பே அதன் அமைப்புகளுக்குள் போய், தசம இடங்களைக் குறைத்து, பின்தொங்கும் பூஜ்யங்களை மறைக்கச் சொல்லிவிடுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்கே விலை இறங்கியது.

பூஜ்யங்களை எடுத்தாயிற்று. தலைப்புக் கட்டத்தில் ஐ.எஸ்.ஓ. 2768 எம் வகுப்பு என்று ஒரு வரி இருந்தது. தனியாக டாலரன்ஸ் எழுதப்படாத அளவுகளுக்கெல்லாம் பொதுவாகப் பொருந்தும் அட்டவணை அது. நடுத்தர வகுப்பான எம்மில், 6 மி.மீ.க்கு மேல் 30 வரை ±0.2, 30க்கு மேல் 120 வரை ±0.3, 120க்கு மேல் 400 வரை ±0.5. பெரியவரே வேலையை எடுத்துக்கொண்டார். பேரிங் பிளாக்குகள் இரண்டும் வந்தன. பளபளப்பாக, பிசிறில்லாமல், பார்க்கவே அழகாக இருந்தன. அடித்தட்டில் பொருத்தி, பேரிங்குகளைப் போட்டு, ஷாஃப்டைச் செருகினேன். ஒரு பிளாக்கில் நுழைந்த ஷாஃப்ட் இன்னொன்றில் நுழைய மறுத்தது. திருகுகளைத் தளர்த்தினால் நுழைந்தது; இறுக்கினால் சுழல மறுத்தது.

வெர்னியரை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தேன். பிளாக்கின் மொத்த உயரம் 80, மேல்விளிம்பிலிருந்து பேரிங் துளையின் மையம் 35. உயரத்தைப் பற்றி வரைபடத்தில் இருந்தவை இந்த இரண்டும்தான். முதல் பிளாக்கில் உயரம் 79.9, மேலிருந்து மையம் 35.2. இரண்டாவதில் உயரம் 80.2, மேலிருந்து மையம் 34.9. நான்கு அளவுகளுமே ±0.3க்குள் இருந்தன; பெரியவர்மீது ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் ஷாஃப்டுக்கு மேல்விளிம்பைப் பற்றி என்ன கவலை? பிளாக்குகள் உட்காருவது அடிப்பரப்பில். அடியிலிருந்து மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரிய வேண்டும். கழித்துப் பாருங்கள்: ஒன்றில் 44.7, மற்றதில் 45.3. ஷாஃப்டின் இரண்டு முனைகளுக்கும் இடையே 0.6 மி.மீ. ஏற்றத்தாழ்வு. காகிதக் கணக்குப்படி அது 1.2 மி.மீ. வரைகூடப் போயிருக்கலாம், அப்போதும் வரைபடத்தின்படி எல்லாம் சரியாகவே இருந்திருக்கும். இரண்டு பிளாக்கும் வீண்.

அந்த 35 எங்கிருந்து வந்தது என்று தேடியபோதுதான் விஷயத்தின் வேர் தெரிந்தது. மாடல் செய்தபோது வெளிக்கோட்டை மேலிருந்து தொடங்கி வரைந்திருந்தேன். அப்போது கைக்கு வசதியாக இருந்த கோட்டிலிருந்து துளைக்கு 35 என்று கட்டுப்பாடு கொடுத்திருந்தேன். மாடலுக்குள் அதில் பிழையே இல்லை. கணினிக்கு 80 என்றால் துல்லியமாக 80, 35 என்றால் துல்லியமாக 35. கழித்தால் 45 தவிர வேறு எதுவும் வராது. மாடலில் டாலரன்ஸ் என்பதே கிடையாது, எல்லாம் பூரணம். தானியங்கி அளவு என்ற பொத்தான் செய்வதெல்லாம், மாடல் வரைந்தபோது நாம் கொடுத்த எண்களை அப்படியே தாளில் கொட்டுவதுதான். அவை வரைவதற்கு வசதியான அளவுகள். இயந்திரம் வேலை செய்வதற்குத் தேவையான அளவுகள் வேறு. இரண்டும் ஒன்றாக அமைந்தால் அது தற்செயல்.

அன்றிலிருந்து அந்தப் பொத்தானை நான் தொடுவதில்லை. ஒரு வரைபடத்தைத் தொடங்குவதற்கு முன் அந்தப் பாகத்தை மாடலில் சுழற்றிப் பார்த்து, இது எதன்மேல் உட்காருகிறது, எதைப் பிடிக்கிறது, எதோடு உரசுகிறது என்று கேட்டுக்கொள்கிறேன். உட்காரும் பரப்புதான் ஆதாரப் பரப்பு. ஐ.எஸ்.ஓ. 1101, ஏ.எஸ்.எம்.இ. ஒய்14.5 போன்ற தரங்களில் டேட்டம் என்று ஓர் எழுத்துக் குறியோடு காட்டுவது இதைத்தான். முக்கியமான அளவுகள் எல்லாம் அங்கிருந்தே புறப்பட வேண்டும். புதிய வரைபடத்தில் அடிப்பரப்பை ஆதாரமாக்கி, அங்கிருந்து மையத்துக்கு 45 ±0.02 என்று நேரடியாகப் போட்டேன். துளையின் அச்சு அடிப்பரப்புக்கு இணையாக இருக்க வேண்டும் என்றும் குறித்தேன். மொத்த உயரம் 80 பொது டாலரன்ஸுக்கே போனது. மேல்விளிம்பு எப்படி இருந்தால் யாருக்கு என்ன? அதோடு, இரண்டு பிளாக்கையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துத் துளையிடவும் என்று ஒரு குறிப்பு. இது பெரியவர் சொல்லித் தந்தது. "அண்ணா, 0.02 வருமா?" என்று தயங்கிக் கேட்டதற்கு, "சேர்த்துப் பிடித்துப் போட்டால் இரண்டும் ஒன்றுபோல வரும் தம்பி. உங்களுக்கு 45 முக்கியமா, இரண்டும் ஒன்றாக இருப்பது முக்கியமா?" என்று திருப்பிக் கேட்டார். எனக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

இங்கே இன்னொரு பள்ளமும் இருக்கிறது. ஒரே வரிசையில் நான்கு துளைகள் இருந்தால், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாக அளவு போடத் தோன்றும். பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கும். ஆனால் விளிம்பிலிருந்து கடைசித் துளைவரை நான்கு அளவுகள், ஒவ்வொன்றும் ±0.2 என்றால், கடைசித் துளை ±0.8 வரை நகரலாம். எல்லாவற்றையும் ஒரே விளிம்பிலிருந்து போட்டால் ஒவ்வொரு துளைக்கும் தன் பிழை மட்டும்தான். சங்கிலி போட்டு, கூடவே மொத்த நீளத்தையும் போட்டு வைப்பது இன்னும் மோசம். 100ஐ மூன்றாகப் பிரித்த இடத்தில் மென்பொருள் 33.3, 33.3, 33.3 என்று காட்டும், மேலே 100 என்று நிற்கும், கூட்டினால் 99.9. எதை நம்புவது? ஏதாவது ஓர் அளவை எடுத்துவிடுங்கள். தகவலுக்காக இருக்கட்டும் என்றால் அடைப்புக்குறிக்குள் போடுங்கள். அடைப்புக்குறிக்குள் இருக்கும் அளவை வைத்துப் பாகத்தை ஏற்கவோ தள்ளவோ கூடாது என்பது பட்டறையில் தெரிந்த வழக்கம்.

பேரிங் உட்காரும் துளைக்கும் இதே கதைதான். நான் போட்ட 6205 ரகப் பேரிங்கின் அளவு உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15. மாடலில் துளையை 52 என்று போட்டிருந்தேன். வரைபடத்திலும் வெறும் 52. பொது அட்டவணைப்படி அது 51.7 முதல் 52.3 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். பேரிங்குக்கு அது சமுத்திரம். ஒரு பிளாக்கில் கையை விட்டால் பேரிங் விழுந்தது, மற்றதில் சுத்தியலால் தட்ட வேண்டியிருந்தது. தட்டிய பேரிங் பிறகு கரகரத்தது தனிக்கதை. இப்போது 52 எச்7 என்று டாலரன்ஸ் குறியீட்டோடு எழுதி, பக்கத்திலேயே +0.030, 0 என்று எண்களையும் போடுகிறேன். ஷாஃப்ட் என் இயந்திரத்தில் இலகுவான சுமைதான், கையாலேயே ஏற்றி இறக்க வேண்டும் என்பதால் 25க்குச் சிறிய எழுத்து எச்6: 0, −0.013. இந்தக் குறியீடுகளுக்கு எண் சொல்லும் ஐ.எஸ்.ஓ. 286இன் அட்டவணை எல்லாப் பட்டறைச் சுவரிலும் தொங்குவதில்லை. குறியீட்டையும் எண்ணையும் சேர்த்துக் கொடுப்பதில் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் இந்தச் சுகம் கண்டு எல்லா அளவுக்கும் இறுக்கமான டாலரன்ஸ் போட்டுவிடாதீர்கள். மூன்று பூஜ்யங்கள் செய்த அதே வேலையை அது செய்யும். என் பிளாக்கின் வரைபடத்தில் இருபதுக்கு மேற்பட்ட அளவுகள் இருக்கின்றன; இறுக்கமானவை மூன்றே மூன்று.

அளக்க முடியாத அளவுகள் என்று ஒரு வகை உண்டு. மாடலில் எந்த இரண்டு புள்ளிகளைத் தொட்டாலும் தூரம் வந்துவிடும். பட்டறையில் வெர்னியரின் வாய் எதையாவது கவ்வ வேண்டும். பாகத்துக்கு வெளியே காற்றில் இருக்கும் வில்லின் மையம், முனை வளைத்துவிட்ட பிறகு இல்லாமல் போன கூர்மூலை, சமச்சீர் அச்சு இவற்றிலிருந்தெல்லாம் நான் அளவு போட்டிருந்தேன். செய்பவர் கணக்குப் போட்டு எப்படியோ செய்துவிடுவார். சரிபார்க்க யாராலும் முடியாது. ஒரே விட்டமுள்ள இரண்டு துளைகளின் மையத் தூரம் வேண்டுமானால், ஒன்றின் இடது விளிம்பிலிருந்து மற்றதன் இடது விளிம்புவரை அளந்தால் அதுதான் மையத் தூரம், அது அளக்கக்கூடியது. ஒவ்வோர் அளவைப் போடும்போதும் இதை நான் எந்தக் கருவியால் சரிபார்ப்பேன் என்று ஒரு நொடி யோசித்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். மூன்று பக்கமும் ஒன்றாகத் தெரியும் சமபரிமாணத் தோற்றத்தில் அளவு போடும் ஆசையும் வேண்டாம். அந்தத் தோற்றத்தில் கோடுகள் சுருங்கித் தெரியும், 100 மி.மீ. விளிம்பைச் சில மென்பொருள்கள் 81.65 என்று காட்டிவிடும். அந்தத் தோற்றம் கண்ணுக்கு மட்டும்.

ஆனால் கண்ணுக்கு அது அவசியம் வேண்டும் என்பதை எண்ணெய்த் துளை கற்றுத் தந்தது. பிளாக்கின் ஒரு பக்கத்தில் மட்டும் எண்ணெய் விடுவதற்கு ஒரு சிறு துளை. வார்ப்புருவில் இருந்தது மூன்றாம் கோண முறை. அதாவது வலப்பக்கத் தோற்றம் முன்தோற்றத்துக்கு வலப்பக்கமே இருக்கும். பட்டறையில் எல்லோரும் முதல் கோண முறையில் படித்தவர்கள். அதில் வலப்பக்கத் தோற்றம் இடப்பக்கம் போய் உட்காரும். விளைவு, துளை எதிர்ப்பக்கத்தில் வந்தது. தாளின் மூலையில் வெட்டிய கூம்புச் சின்னம் இருக்கத்தான் செய்தது. நகத்தளவு சின்னத்தை ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்று யார் பார்ப்பார்கள்? சமச்சீரான பாகமாக இருந்தால் இந்தக் குழப்பம் வெளியே தெரியாமலே போய்விடும். ஒரு பக்கத்தில் மட்டும் ஏதாவது இருந்தால்தான் மாட்டிக்கொள்வோம். இப்போதெல்லாம் பட்டறைக்கு எந்த முறை பழக்கமோ அதற்கே தாளை மாற்றிக்கொள்கிறேன், மூலையில் அளவில்லாத சமபரிமாணத் தோற்றம் ஒன்றை வைக்கிறேன், ஐயம் வரக்கூடிய இடத்தில் அம்புக்குறி போட்டு 'ஏ திசையிலிருந்து பார்க்க' என்று தனித் தோற்றமாகவே கொடுத்துவிடுகிறேன்.

திருகு ஏறும் மரைத் துளைகள் இன்னொரு ரகம். மாடல்களில் மரையை நிஜமாகச் செதுக்குவது அபூர்வம். துளை ஒன்றும், இது எம்6 (6 மி.மீ. திருகுக்கான மரை) என்ற பெயரும் மட்டும் இருக்கும். தானியங்கி அளவு அந்தத் துளையைப் பார்த்து விட்டம் 5 என்று எழுதியது. பட்டறையிலும் 5 மி.மீ. துளை போட்டு, மரை இல்லாமல் அனுப்பிவிட்டார்கள். எம்6 மரை போடுவதற்கு முன் போட வேண்டிய துளை 5 மி.மீ. என்பதால் அந்த முறை பிழைத்தேன். வீட்டிலேயே மரை வெட்டும் கருவியான டேப் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். மறுபக்கம் திறக்காத அடைபட்ட துளைகளில் மாட்டிக்கொண்டது. துளையின் ஆழமும் 12, மரையின் ஆழமும் 12 என்று மாடலில் இருந்தது. டேப்பின் நுனியில் முதல் சில மரைகள் உள்ளே நுழைவதற்காகச் சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கும். அவை முழு மரையை வெட்டுவதில்லை. கீழே இடமில்லாமல் அடியில் போய் முட்டியதும் டேப் ஒடிந்தது. கடினப்படுத்திய எஃகு உள்ளே தங்கிவிட்டால் அதை எளிதில் துளைத்தெடுக்கவும் முடியாது. நல்ல பிளாக் ஒன்று அப்படிப் போயிற்று. எம்6, மரை ஆழம் 12, துளை ஆழம் 18 என்று இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். 118 பாகைக் கூர்முனையுள்ள டிரில் போடும் 5 மி.மீ. துளையின் அடியில் ஏறத்தாழ 1.5 மி.மீ. கூம்பு ஒன்று அதிகப்படியாக வரும். அந்தப் பக்கத்துச் சுவர் அதைத் தாங்குமா என்று மாடலிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பணம் அதிகம் போனது பக்கத் தகடுகளில். 300 மி.மீ. நீளமுள்ள தகடுகள்; லேசரில் வெட்டக் கொடுத்தேன். வெட்டும் இடத்தில் டி.எக்ஸ்.எஃப். என்ற வகைக் கணினி வரைபடக் கோப்பு கேட்டார்கள். வரைபடத் தாள் தயாராகத்தானே இருக்கிறது என்று அதையே டி.எக்ஸ்.எஃப். ஆகச் சேமித்து அனுப்பினேன். தாள் ஏ3, தகடு அடங்க வேண்டும் என்பதற்காகத் தோற்றத்தின் அளவுகோல் 1:2. அளவுக்கோட்டின்மேல் 300 என்று தெளிவாக எழுதியிருந்தது. ஆனால் லேசர் இயந்திரத்துக்கு எழுத்து வெறும் குப்பை. வெட்டுபவர் அளவுக்கோடுகளையும் எழுத்துகளையும் முதல் வேலையாக அழித்துவிட்டு, மிச்சமிருக்கும் வெளிக்கோட்டை அப்படியே வெட்டுவார். வெளிக்கோடு 150 மி.மீ. இருந்தது. மொத்தத் தொகுதியும் பாதி அளவில், எல்லாத் துளைகளும் கச்சிதமாகப் பாதி விட்டத்தில் வந்து சேர்ந்தன. பொம்மை இயந்திரம் செய்வதாக இருந்தால் அதைவிடச் சிறந்த தகடுகள் கிடையாது. பழுது யாருடையது என்று பேசிப் பயனில்லை. தகட்டுக்கும் வெட்டுக்கூலிக்கும் முழுப் பணமும் கொடுத்தாயிற்று.

லேசருக்கோ நீர்த்தாரைக்கோ கொடுக்கும் கோப்பைத் தாளிலிருந்து எடுக்கவே கூடாது. மாடலில் அந்தத் தட்டையான முகத்தைத் தேர்ந்தெடுத்து நேரடியாக 1:1இல் ஏற்றுமதி செய்யும் வசதி பெரும்பாலான மென்பொருள்களில் இருக்கிறது. ஏற்றுமதி செய்ததும் அந்தக் கோப்பை வேறொரு நிரலில் திறந்து, மொத்த நீளத்தை அளந்து பாருங்கள். டி.எக்ஸ்.எஃப்.இல் அலகு பற்றிய தகவல் இல்லாமலோ தவறாகவோ போவதும் நடக்கும். அப்போது மில்லிமீட்டரை அங்குலமாக எடுத்துக்கொண்டால் 25.4 மடங்கு பெரிதாகும், அதை யாரும் கவனிக்காமல் விடமாட்டார்கள். பாதி அளவு என்பதுதான் கண்ணுக்குத் தப்பும். கோப்போடு அனுப்பும் செய்தியிலேயே 'மொத்த அளவு 300க்கு 180 மி.மீ.; உங்கள் திரையிலும் அதுதான் வருகிறதா என்று சொன்ன பிறகு வெட்டவும்' என்று எழுதிவிடுகிறேன். காகிதத்துக்கும் இதே நோய் உண்டு. பி.டி.எஃப்.ஐ அச்சிடும்போது தாளுக்குள் அடக்கு என்ற தேர்வு இருந்தால் எல்லாம் கொஞ்சம் சுருங்கும். அதன்மேல் ஸ்கேலை வைத்து யாராவது விடுபட்ட அளவை எடுத்துவிட்டால் கதை முடிந்தது. வரைபடத்தை அளந்து வேலை செய்யாதீர்கள் என்ற பழைய குறிப்பு இன்றும் தலைப்புக் கட்டத்தில் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

மாடலை மாற்றினால் வரைபடமும் தானாக மாறும் என்பதுதான் இந்த மென்பொருள்களின் பெரிய விளம்பரம். மாறும், சில சமயம் நமக்குத் தெரியாமலும் மாறும். வரைபடத்தில் ஓர் அளவு, மாடலின் ஏதோ ஒரு விளிம்பை அதன் உள்பெயரைக்கொண்டு பிடித்துக்கொண்டிருக்கிறது. நாம் மாடலில் புதிதாக ஒரு சாம்ஃபர் (விளிம்பைச் சாய்வாகச் சீவுவது) போட்டால் விளிம்புகளின் எண்ணிக்கை மாறி, சில மென்பொருள்களில் அந்த உள்பெயர்களும் இடம் மாறிவிடும். பிடி அறுந்தால் அளவு நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும், அது நல்லது. பிடி அறாமல் பக்கத்து விளிம்புக்குத் தாவிவிட்டால்தான் ஆபத்து. அளவு தன் இடத்தில்தான் நிற்கும், எண் மட்டும் சாம்ஃபரின் அளவுக்குக் குறைந்திருக்கும். 2 மி.மீ. சாம்ஃபர் போட்ட ஷாஃப்ட் ஒன்றில் 120 இருக்க வேண்டிய இடத்தில் 118 என்று நின்றதை அனுப்புவதற்குச் சற்று முன்னால் கவனித்தேன். ஆகவே மாடலில் எதைத் தொட்டாலும் தாளை அச்சிட்டு, பழைய தாளைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வோர் அளவையும் பென்சிலால் டிக் செய்வது என் வழக்கமாகிவிட்டது. அலுப்பான வேலைதான்.

அதைவிட அலுப்பானது பழைய தாள்களைத் துரத்துவது. பெரியவரின் பட்டறையில் என் பிளாக்கின் பழைய வரைபடம் ஒன்று எண்ணெய்க் கறையோடு மெஷினில் ஒட்டியிருந்தது, அவருடைய கைப்பேசியில் இன்னொன்று, ஆபரேட்டர் கைப்பேசியில் வேறொன்று. எல்லாக் கோப்புக்கும் ஒரே பெயர். புதியதை அனுப்பிய பிறகும் பழைய 80, 35இலேயே ஒரு ஜோடி வெட்டப்பட்டது. இப்போது கோப்பின் பெயரிலும் தலைப்புக் கட்டத்திலும் திருத்த எண்ணும் தேதியும் இருக்கும், மாறிய இடத்தைச் சுற்றி மேகக்கோடு இருக்கும், 'இதற்கு முந்தையதை அழித்துவிடுங்கள், சுவரில் இருப்பதையும்' என்று தொலைபேசியிலும் சொல்லிவிடுவேன்.

மற்றவை சிறியவை. என்ன உலோகம், எந்த ரகம் என்று எழுதுங்கள். வெறும் அலுமினியம் என்றால் கையில் கிடைத்தது வரும். எல்லாக் கூர்விளிம்பிலும் பிசிறு நீக்கவும் என்ற ஒரு வரி உங்கள் விரலைக் காப்பாற்றும். பரப்பு மென்மைக்குப் பொதுவாக ஆர்ஏ 3.2 (சராசரிச் சொரசொரப்பு, மைக்ரோமீட்டரில்) என்று கொடுத்துவிட்டு, பேரிங் உட்காரும் இடத்துக்கு மட்டும் 1.6 கேட்டால் போதும். மில்லிங்கில் வெட்டிய குழியின் உள்மூலை ஒருபோதும் கூராக வராது, ஏனென்றால் வெட்டும் கருவி உருண்டை. மாடலிலேயே ஆரம் கொடுத்து, குழி ஆழமாக இருந்தால் ஆரத்தையும் தாராளமாக விடுங்கள்.

அனுப்புவதற்கு முன் நான் செய்யும் கடைசிச் சோதனை ஒன்று உண்டு. அச்சிட்ட தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, பழைய மாடலைத் திறக்காமல், அந்தப் பாகத்தைப் புதிதாக மாடல் செய்கிறேன். தாளில் இல்லாத எதையும் போடக்கூடாது என்பது விதி. எங்கே கை நிற்கிறதோ அங்கே ஓர் அளவு விடுபட்டிருக்கிறது. எங்கே ஒரே அளவு இரண்டு இடத்தில் வந்து முட்டுகிறதோ அங்கே ஒன்று அதிகம். இதை நண்பர் யாரிடமாவது கொடுத்துச் செய்யச் சொன்னால் இன்னும் நல்லது; மனத்துக்குள் இருப்பதையெல்லாம் நாம் தாளில் இருப்பதாகவே நினைத்துக்கொள்வோம், அவருக்கு அந்த வசதி இல்லை. ஒரு நண்பர் அப்படிச் செய்தபோது, எண்ணெய்த் துளை எவ்வளவு ஆழம் என்பதே தாளில் இல்லை என்று தெரிந்தது.

வரைபடமே வேண்டாம், டாலரன்ஸையும் குறிப்புகளையும் மாடலின்மேலேயே எழுதி அனுப்பலாம் என்ற வழியும் இருக்கிறது, ஏ.எஸ்.எம்.இ. ஒய்14.41, ஐ.எஸ்.ஓ. 16792 என்று அதற்கும் தரங்கள் உண்டு. விமானமும் காரும் செய்கிற இடங்களில் அது நடக்கட்டும். நான் போகும் பட்டறைகளில் மெஷினுக்குப் பக்கத்தில் இருப்பது தாள்தான். ஆனாலும் முப்பரிமாண மாடல் அடங்கிய ஸ்டெப் கோப்பையும் சேர்த்தே அனுப்புகிறேன். வளைவான பரப்புகளை அதிலிருந்து எடுத்துக்கொள்வது அவர்களுக்கு எளிது. இரண்டும் போகும்போது எது இறுதி என்று எழுதிவிட வேண்டும். என் தாள்களில், ஸ்டெப் கோப்புக்கும் வரைபடத்துக்கும் முரண் இருந்தால் வரைபடமே செல்லும், செய்வதற்கு முன் அழைக்கவும் என்று ஒரு வரி இருக்கிறது. எத்தனை வேண்டுமானாலும் முதலில் ஒன்றை மட்டும் செய்யச் சொல்லி, அந்த மூன்று இறுக்கமான அளவுகளை அவர் முன்னாலேயே அளந்து, தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மிச்சத்துக்கு முன்பணம் கொடுக்கிறேன். பிளாக்குகளுக்கு மட்டும் அந்த ஒன்று என்பது ஒரு ஜோடி.